சொன்னால் இருமுகிறார், புரைக்கேறினால் இருமுவதில்லை: அப்பாவுக்கு ஏன் இப்படி?

வெள்ளவத்தை மகள்:

வணக்கம். வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் விளங்கப்படுத்துங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சின்னச் சின்ன விஷயங்களில்தான் நாங்கள் பிழை விட்டோம் என்று இப்போது தெரிகிறது, அதனால் எதையும் விட்டுவிட மனமில்லை.

அப்பாவுக்கு 71 வயது. அச்சகத்தில் புரூப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு கிழமைக்கு முன் ஒரு காலை பல் தீட்டிக்கொண்டு நின்றவர், "தலை சுத்துது பிள்ளை" என்று சுவரைப் பிடித்தார். பாரிசவாதம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், இடப்பக்கம் என்றார்கள். நாங்கள் பயந்த மாதிரி கை கால் விழவில்லை. ஆனால் இடது கன்னம் மரத்துப்போனது. வலது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் சூடு தெரியவில்லை. குரல் காற்றுப் போனது போல ஆகிவிட்டது. நாலு நாள் விடாமல் விக்கல்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள் ஒரு டாக்டர் வந்து, "ஐயா, ஒருக்கா இருமுங்கோ" என்றார். அப்பா இருமினார். "சரி, இருமல் இருக்குது, மெல்ல மெல்ல எல்லாம் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் வீட்டுக்கு வந்தோம்.

வந்த மூன்றாம் நாள் பின்னேரம், பல்கனியில் கதிரை போட்டு இருத்தி, வெறும் தேத்தண்ணி கொடுத்தேன். மூன்று மிடறு குடித்தார். இருமவில்லை, செருமவும் இல்லை. ஆனால் "ரயில் பிந்திப் போகுது" என்று சொன்னபோது குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் கொழகொழத்தது. நான் அதைக் கவனித்தேன். இருமவில்லைத்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் காய்ச்சல். நியூமோனியா, வலது நுரையீரலின் அடிப்பக்கம். திரும்பவும் ஒன்பது நாள் வார்ட்.

இப்போது மூக்கால் குழாய் போட்டு வீட்டில் இருக்கிறார். என் கேள்விகள் இவை. சொன்னால் இருமுகிறவர் தண்ணீர் உள்ளே போனபோது ஏன் இருமவில்லை? புரைக்கேறினால் தலையில் தட்டச் சொல்லி அம்மா நிற்கிறார், அதில் ஏதும் பலன் உண்டா? பக்கத்து வீட்டு அன்ரி இரவில் சளிக்கு இருமல் பாணி கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? இன்னொன்று, இரவில் அவருடைய மூச்சு சிலவேளை நின்று நின்று வருகிறது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.


கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, வாசிக்கவே மனது கஷ்டப்பட்டது. எங்கள் அம்மம்மாவுக்கும் பாரிசவாதம் வந்து நாங்கள்தான் பார்த்தோம். நாங்கள் செய்தது, தலையை நல்லாய்ப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்து, கரண்டியால் தொண்டைக்கு நேரே மெல்ல ஊற்றுவது. இரவில் இருமல் பாணி கொஞ்சம் கொடுத்தால் நித்திரை வரும். எதற்கும் டாக்டரிடம் ஒருதரம் கேளுங்கள்.


உடற்றொழிலியல் ரீச்சர்:

தம்பி, அன்பாகச் சொல்கிறீர்கள், அது விளங்குகிறது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டையும் இந்த அப்பாவுக்குச் செய்யக் கூடாது. தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சுக்குழாயின் வாசல் இன்னும் நேராகத் திறந்துகொள்ளும். இருமல் பாணியைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

மகள், நான் தாதியர் மாணவிகளுக்கு இருபத்தாறு வருடம் உடற்றொழிலியல் படிப்பித்தவள். வைத்தியர் இல்லை. உங்கள் அப்பாவைப் பார்த்தவர்கள் சொல்வதற்கு மேலாக என் சொல்லை வைக்க வேண்டாம். ஆனால் "ஏன்" என்று கேட்டீர்கள், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக்குக் கிட்ட, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைகளில் ரயில் கடவை இருக்கிறதல்லவா? தொண்டை அப்படி ஒரு கடவை. காற்றுப் போகும் வழியும் சாப்பாடு போகும் வழியும் அங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன. மூக்கின் வழி தொண்டையின் பின்பக்கத்தில் வந்து திறக்கிறது, மூச்சுக்குழாயோ முன்னால். வாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். ஆகவே ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் காற்றை மறித்து வைத்துச் சாப்பாட்டை அனுப்ப வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே எழும்பி முன்னுக்கு வரும். அதே நேரத்தில் குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும், மேலே மூடி மடியும், மூச்சு அரைச் செக்கன், ஒரு செக்கன் நிற்கும். பெரும்பாலும் நாங்கள் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விழுங்குகிறோம், விழுங்கி முடிந்ததும் மிச்சத்தை வெளியே விடுகிறோம். வாசலில் ஒரு துளி தங்கினாலும் அந்தக் காற்று அதை வெளிப்பக்கம் தள்ளட்டும் என்றுதான் அந்த ஒழுங்கு.

இந்தக் கேற்றைப் போடுவதும் திறப்பதும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான நீள்வளைய மையவிழையம். இந்தியப் புத்தகங்களில் முகுளம் என்பார்கள். பெருவிரல் நுனி அளவுதான் இருக்கும். மூச்சின் தாளமும் அங்கேதான் பிறக்கிறது. 1991 இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் முதலானோர், பிறந்து சில நாளேயான எலியின் மூளைத்தண்டிலிருந்து ஒரு மெல்லிய சீவலை வெட்டித் திரவத்தில் வைத்துப் பார்த்தார்கள். உடம்பு இல்லை, நுரையீரல் இல்லை, ஆனாலும் அந்தச் சீவல் மூச்சின் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த இடத்துக்குப் பிரீ-பொட்சிங்கர் என்று பெயர். பக்கத்திலுள்ள பகுதிக்குச் சாப்பாட்டு மேசையில் நின்ற வைன் போத்தலைப் பார்த்து பொட்சிங்கர் என்று பெயர் வைத்தார்களாம், அதிலிருந்து வந்தது. நான் இதை வகுப்பில் சொல்லும் நாளில் பின்வாங்குப் பிள்ளைகளும் நிமிர்ந்து இருப்பார்கள். தில்லைப் பொன்னம்பலத்துக் கூரையில் 21,600 ஓடு, ஒரு நாளைய மூச்சின் கணக்கு என்று பெரியவர்கள் சொல்வார்களே, நிமிடத்துக்குப் பதினைந்து வீதம் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். அந்த 21,600 ஐயும் நாங்கள் நினைக்காமலே எடுப்பது இந்தச் சின்ன இடத்தால்.

சரி, இருமலுக்கு வருவோம். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும், முக்கியமாக அது இரண்டாகப் பிரியும் கவட்டிலும், மிக உணர்ச்சியான நரம்பு நுனிகள் இருக்கின்றன. ஒரு துளி தண்ணீர் பட்டாலே போதும். செய்தி வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. வேகஸின் ஒரு கிளை காதுக்கும் போவதால்தான் சிலருக்குக் காது குடையும்போது இருமல் வரும். செய்தி வந்ததும், அதுவரை அமைதியாக மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்த அதே நரம்புக்கூட்டம் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. முதலில் ஆழமான ஒரு மூச்சு. பிறகு குரல்நாண்கள் செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரம் இறுக மூடும். மூடிய கதவுக்குப் பின்னால் வயிற்றுத் தசையும் விலாத் தசையும் நெரிக்கும். உள்ளே அழுத்தம் 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை ஏறலாம். உங்கள் பிரஷர் 120 என்று அளக்கிறார்களே, அதே அளவுகோலில்தான் சொல்கிறேன். பிறகு கதவு சட்டென்று திறக்க, காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே பாயும்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது ஒன்று. பொருள் நேரே குரல்நாணிலேயே பட்டால், அந்த முதல் ஆழமூச்சு எடுக்கப்படுவதில்லை. உள்ளே இழுத்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும் அல்லவா? அதனால் இருக்கிற காற்றை வைத்தே உடனே வெளியே தள்ளும். எங்கே பட்டது என்பதைப் பார்த்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் எதைச் செய்வது என்று அந்தப் பெருவிரல் நுனி தெரிந்துகொள்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. டாக்டர் "இருமுங்கோ" என்றபோது அந்தக் கட்டளை காதால் போய், விளங்கி, மூளையின் மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கித் தசைகளுக்குப் போனது. அந்தப் பாதை அப்பாவுக்கு ஓரளவு நன்றாக இருக்கிறது. தேத்தண்ணி உள்ளே போனபோது வேறு பாதை வேண்டும்: தொண்டையிலிருந்து மூளைத்தண்டுக்கு ஏறி, அங்கேயே திரும்பி இறங்குவது. அந்தத் திருப்பத்திலேயே பாரிசவாதம் விழுந்திருக்கிறது. செய்தியை வாங்கும் நரம்புக்கூட்டமும், குரல்நாண்களையும் தொண்டைத் தசைகளையும் அசைக்கும் நரம்புக்கூட்டமும் அங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன. விக்கல், தலைசுற்று, ஒரு பக்க முகமும் மறுபக்கக் கையும் சூடு அறியாமல் போவது, குரல் போவது எல்லாம் சேர்ந்து வருவதை 1895 இலேயே வாலன்பேர்க் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதி வைத்தார். நீங்கள் எழுதியதைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னதும் இருமுகிறார் என்பது வயிறும் விலாவும் வேலை செய்கின்றன என்று காட்டும். தொண்டை காவல் நிற்கிறதா என்பதை அது காட்டாது. அந்த இரண்டையும் ஒன்றாக எடுத்ததுதான் பிழை. அது உங்கள் பிழை இல்லை, மகள்.

தலையில் தட்டுவதால் பலன் இல்லை. அம்மாவின் மனதை நோகடிக்காமல், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு முதுகைத் தடவிவிடச் சொல்லுங்கள். இருமுகிறவரை இருமவிட வேண்டும். பேச்சும் வராமல், மூச்சும் வராமல் திணறினால், முன்னுக்குக் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் பலமாக அடிக்க வேண்டும், ஒருவர் உடனே அம்புலன்ஸுக்கு, 1990 க்கு அழைக்க வேண்டும்.

இருமல் பாணி வேண்டவே வேண்டாம். கொடீன் போன்ற மருந்துகள் வேலை செய்வது நெஞ்சில் இல்லை, இதே மூளைத்தண்டில். இருமலை அடக்கும், மூச்சையும் மந்தமாக்கும். ஏற்கெனவே காவல்காரன் அரைத் தூக்கத்தில் இருக்கிறான், அவனுக்குத் தூக்க மருந்தும் கொடுப்பதா?

இரவு மூச்சைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மூச்சு நிற்கும்போது நெஞ்சும் வயிறும் அசைகின்றனவா, இல்லை அசைவே இல்லாமல் கிடக்கிறாரா? பார்த்து எழுதுங்கள்.


வெள்ளவத்தை மகள்:

ரீச்சர், நீங்கள் எழுதியதை இரவு மூன்று தரம் வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்கள் பிழை இல்லை" என்ற இடத்தில் நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

உங்கள் விளக்கத்தை வாசித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமை அம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தார், கொஞ்சம் கருகிவிட்டது. எங்கள் வீடு சின்ன அடுக்குமாடி, குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் கதவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் மேல்வீட்டுப் பிள்ளைகளுக்கும்கூட இருமல். அப்பா மட்டும் கதிரையில் அமைதியாக இருந்தார். வலது கண்ணால் தண்ணீர் வடிந்தது, இருமலே இல்லை. "உங்களுக்குக் காரம் ஏறவில்லையா?" என்று நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அதுவும் இதுதானா?

நேற்று இரவு பக்கத்தில் இருந்து எண்ணினேன். குறட்டை விடும்போது மூச்சு நிற்கிறது, ஆனால் வயிறு அசைகிறது, பிறகு ஒரு பெருமூச்சோடு திரும்ப வருகிறது. ஆனால் விடியற்காலை இரண்டு தரம் அசைவே இல்லாமல் கிடந்தார். ஒன்று 14 செக்கன், மற்றது 19.


உடற்றொழிலியல் ரீச்சர்:

அதுவும் இதுதான். மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் அந்த நரம்பு நுனிகளை நேரே தூண்டும். இருமல் எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்று அளக்க ஆய்வுகூடங்களில் கப்சைசினை ஆவியாக்கி முகரக் கொடுப்பார்கள். உங்கள் குசினியில் அது தற்செயலாக நடந்திருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று இனி வேண்டுமென்று வறுக்காதீர்கள். நடந்ததை அப்படியே வைத்தியருக்குச் சொல்லுங்கள், அவருக்கு அது பெறுமதியான தகவல்.

மூச்சு விஷயத்தை அடுத்த கிளினிக் வரை வைத்திருக்க வேண்டாம், நாளைக்கே சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மூளையின் மேல்பகுதியும் மூச்சுக்குத் துணை நிற்கிறது. நித்திரையில் அந்தத் துணை விலகி, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவதை மூளைத்தண்டு உணர்ந்து மூச்சை இழுக்க வைப்பதுதான் மிஞ்சும். வயிறு அசைந்தும் காற்றுப் போகவில்லை என்றால் தொண்டை அடைக்கிறது. அசைவே இல்லை என்றால் மூளைத்தண்டிலிருந்து கட்டளையே வரவில்லை. பத்துச் செக்கனுக்கு மேல் என்றால் கணக்கில் எடுக்க வேண்டியது. போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், அதுபோல ஒரு சாட்சி வேறில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். நித்திரையில் இருமலும் அடங்கித்தான் இருக்கும், விழிப்பு வந்த பிறகுதான் இருமல் வரும். இரவில் எச்சில் உள்ளே இறங்குவதும் அப்போதுதான்.


ராகமையில் படித்தவள்:

அக்கா, நான் பேச்சுச் சிகிச்சையாளர். ரீச்சர் எல்லாம் சொல்லிவிட்டார், விழுங்குவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு விழுங்குதல் சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும். தண்ணீர் கொடுத்து இருமுகிறாரா என்று பார்ப்பது போதாது, இருமாதவருக்கு அந்தச் சோதனையே ஏமாற்றும். பேரியம் கலந்து விழுங்க வைத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள், அல்லது மூக்கால் மெல்லிய கமெராவை விட்டுக் குரல்வளையை நேரே பார்ப்பார்கள். பிறகுதான் எந்தத் தடிப்பில் என்ன கொடுக்கலாம் என்று முடிவெடுப்போம். அதுவரை வாயால் எதுவும் வேண்டாம்.

முடிவு வந்த பிறகு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். தடிப்பாக்கும் பொடி கலந்ததும் கண் மதிப்பில் விடாதீர்கள். 10 மில்லிலீற்றர் சிறிஞ்சை எடுத்து, ஊசியில்லாமல், கீழ் வாயை விரலால் அடைத்து 10 வரை நிரப்புங்கள். விரலை எடுத்துப் பத்துச் செக்கன் ஓடவிட்டுத் திரும்ப அடையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். 4 இலிருந்து 8 மில்லிலீற்றர் வரை மிஞ்சினால் அது இரண்டாம் நிலை, 8 க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் நிலை. சிறிஞ்சுக்குச் சிறிஞ்சு நீளம் மாறும். 0 இலிருந்து 10 வரையான கோடு 61.5 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து வாங்குங்கள். தடிப்பாக்கிய தண்ணீரை அலுப்பில் குறைவாகக் குடிப்பார்கள், அதனால் சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத் தொண்டை பலவீனம் என்றால், முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்கச் சொல்வதுண்டு. நல்ல பக்கம் அல்ல, பலவீனமான பக்கம். அந்தப் பக்கத்து வழி ஒடுங்கி, உணவு நல்ல பக்கத்தால் இறங்கும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது சரிவருமா என்பதைப் படம் பார்த்துத்தான் சொல்லலாம்.

வாயைச் சுத்தமாக வைப்பதை மறக்க வேண்டாம். குழாயால் சாப்பிடுகிறவர்தானே என்று பல் தீட்டாமல் விடுகிறார்கள். நுரையீரலுக்குள் இறங்கும் எச்சிலோடு வாயிலுள்ள கிருமியும் இறங்கும், நியூமோனியா அதிலிருந்துதான். காலை, இரவு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், மென்மையான பிரஷால். நிமிர்த்தி இருத்தித்தான் குழாயால் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். இந்த வகைப் பாரிசவாதத்தில் பலருக்கு விழுங்குதல் சில கிழமைகளில் திரும்புகிறது, சிலருக்கு மாதங்கள் ஆகும். விடாதீர்கள்.


கொட்டாஞ்சேனைத் தம்பி:

ரீச்சர், நன்றி. அம்மம்மாவுக்கு நாங்கள் தலையைச் சாய்த்துத்தான் கொடுத்தோம். கடைசியில் அவருக்கும் நெஞ்சில் சளி என்றுதான் சொன்னார்கள். இதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் பதிலை அழிக்காமல் விடுகிறேன், கீழே ரீச்சர் எழுதியதோடு சேர்த்து வாசிக்கட்டும்.


வெள்ளவத்தை மகள்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். வீடியோவைக் காட்டினோம். ஒரு இரவு முழுக்க நித்திரைச் சோதனை செய்து, முகமூடி போட்டுக் காற்றுத் தரும் இயந்திரம் ஒன்று தந்திருக்கிறார்கள். கமெராச் சோதனையில் இடது குரல்நாண் அசையவில்லை, பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் இருமலே இல்லாமல் உள்ளே இறங்கியது. திரையில் அதை நானே பார்த்தேன். மூன்றாம் நிலைத் தடிப்பு மூச்சுக்குழாய்க்குள் இறங்கவில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பினால் இன்னும் நன்றாகப் போனது. இப்போது நாளுக்கு மூன்று தரம், கரண்டி கரண்டியாக வாயால். மிச்சம் குழாயால்.

சிறிஞ்சை அடிமட்டத்தால் அளந்துதான் வாங்கினேன். வெள்ளவத்தையில் இரண்டாவது பார்மசியில்தான் சரியான நீளம் கிடைத்தது. தடிப்பாக்கிய தேத்தண்ணியை முதல் தரம் வாயில் வைத்ததும் அப்பா, "அச்சகத்துப் பசை" என்றார். ஆனாலும் விழுங்கினார்.

நேற்றுப் பின்னேரம் ஆறாவது கரண்டியில் முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் இருமச் சொல்லவில்லை. அவராகவே இருமினார். பலமாக இல்லை, காற்றுக் கலந்த இருமல், இரண்டு தரம். அம்மாவின் கை பழக்கத்தில் அவர் தலைக்கு மேலே போய், அப்படியே நின்று, பிறகு முதுகுக்கு இறங்கியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புரைக்கேறிப் போச்சு" என்றார். குரல் கொழகொழக்கவில்லை.

அடுத்த கமெராச் சோதனை வரும் மாதம் 14 ஆம் திகதி. அதுவரை பொடி கலந்ததுதான். போய் வந்து எழுதுகிறேன்.